கவிழ்த்து மூடிய தட்டு

சகாய்மினாதோ
மார்ச் 28

நகாசே அவர்களுக்கு,

முட்சுகோ எழுதுறேன். எனக்குப் புஸ்தக நடையெல்லாம் வராது. மீன் கொட்டகையில பேசுறமாதிரிதான் எழுதுவேன். பொறுத்துக்குங்க.

போன்ல பேசலாமான்னு ரெண்டு தடவை கேட்டிருந்தீங்க. வேணாம். போன்ல பேசினா நான் அழுவேன், நீங்க அழமாட்டீங்க. அது எனக்குத் தாங்காது.

ஜூன் எட்டு ஞாயித்துக்கிழமை என் பொண்ணு சிஹோவுக்கு முதல் வருஷ நினைவுப் பூஜை. கோபேயில உங்க கோயில்லயே நடக்கட்டும், நான் பஸ்ல வந்துடறேன். பூஜை முடிஞ்சு கோயில் பக்கத்துல உட்கார வெச்சு ஒரு சாப்பாடு போடுவாங்களே, அது எனக்கு வேணாம். நீங்களும் சிஹோவும் மாசாமாசம் போய்ச் சாப்பிட்ட இத்தாலியன் கடை இருக்கில்ல, அங்க கூட்டிட்டுப் போங்க. அவ உட்கார்ந்த நாற்காலியில நான் ஒரு தடவை உட்காரணும்.

இன்னொண்ணு. சாம்பல் பெட்டிய எங்கிட்டக் குடுங்கன்னு போன வருஷம் கேட்டேன். "யோசிக்கிறேன்"னீங்க. சாம்பலைக் கல்லறையில வெக்கிற நாப்பத்தொன்பதாம் நாளும் போச்சு, அழுது அழுது அடங்கி ஒரு வருஷமும் போகப் போகுது. அவ இன்னும் உங்க புஸ்தக அலமாரி மேலயே உட்கார்ந்திருக்கா. இப்போ நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். அந்தக் கடையில அவ சந்தோஷமா இருந்தான்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சா, பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். தெரியலன்னா அன்னைக்கே எங்கூட எடுத்துட்டு வந்து கல்லறையில அவ அப்பா பக்கத்துல வெச்சுடுவேன். பெட்டியைக் கட்டுறதுக்குத் துணி துவெச்சு மடிச்சு வெச்சாச்சு.

அவ செத்த மத்தியானம் நீங்க வேலையில, நின்னு போன லிஃப்ட்லேர்ந்து யாரோ மூணு பேரை வெளிய எடுத்துட்டிருந்தீங்க. அந்த மூணு பேரும் நல்லா இருப்பாங்கன்னு நம்புறேன்.

அடாச்சி முட்சுகோ


கோபே
ஏப்ரல் 5

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கோயிலில் பேசிவிட்டேன். ஜூன் 8, காலை பதினொரு மணி.

அந்த மூன்று பேரும் நலம். அதில் ஒரு அம்மாள் பின்னால் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார். நான் பிரிக்கவில்லை. அழுகிவிட்டது.

பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இந்த வீட்டில் காலையில் நான் "போய்ட்டு வரேன்" என்று சொல்வது அந்த அலமாரியைப் பார்த்துத்தான். அது இல்லாவிட்டால் எதைப் பார்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை நியாயமாக எழுத நான்கு தாள் கிழித்தேன். நியாயம் வரவில்லை.

கடையைப் பற்றி ஒரு சிறிய சந்தேகம். நாங்கள் சில கடைகளுக்குப் போயிருக்கிறோம். நீங்கள் குறிப்பிடுவது எது என்று உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். சிஹோ உங்களுக்கு மாதம் ஒரு அஞ்சலட்டை எழுதுவாள் அல்லவா, அவற்றில் கடையைப் பற்றி என்ன எழுதியிருந்தாள் என்று தெரிவித்தால், தவறில்லாமல் மேசை பதிவு செய்ய வசதியாக இருக்கும்.

குளிர் இன்னும் போகவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகாசே ரியோஹெய்


சகாய்மினாதோ
ஏப்ரல் 12

நகாசே அவர்களுக்கு,

மாசாமாசம் போய்ச் சாப்பிட்ட ஆளு, கடை எதுன்னு எங்கிட்டக் கேக்குறீங்க. நான் வாழ்க்கையில கோபேயைக் கண்ணால பார்த்தது மூணே தடவை. சரி. துக்கத்துல மண்டை மழுங்கிப் போயிருக்கும்னு நெனச்சுக்கிறேன்.

மொத்தம் பதினாலு கார்டு. பேரு ஒண்ணுலயும் இல்ல. எல்லாத்துலயும் "எங்க கடை"ன்னுதான் எழுதியிருக்கா. படிச்சதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஜன்னல்லேர்ந்து ரயில் தண்டவாளமும் அதுக்குப் பின்னாடி கடலும் தெரியுமாம். பரிமாறுற பெரியவருக்கு இருமல். கழிப்பறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினாத்தான் திறக்குமாம். ரொட்டிமேல கல்லு உப்பு. காய்கறி சூப்பு பெரிய தட்டு வெச்சு வருமாம். கணவாய் மையில பிரட்டின நூடுல்ஸ் தின்னுட்டுப் பல்லெல்லாம் கறுப்பா சிரிச்சேன்னு ஒரு தடவை எழுதியிருக்கா. ஆயுசு முழுக்க கணவாய் நாத்தத்துல வளர்ந்தவ, ஊரு விட்டு ஊரு போயி காசு குடுத்து கணவாய் தின்னிருக்கா பாருங்க.

அப்புறம் உங்களைப் பத்தி. சாப்பாட்டைச் சின்ன லிஃப்ட்ல வெச்சு அனுப்புவாங்களாம், அது கத்துமாம். "ஏறும்போது கத்துது, இறங்கும்போது கத்தல, அப்போ கட்டை தேஞ்சிருக்கு, எண்ணெய் போடச் சொல்லு"ன்னு நீங்க சொன்னீங்களாம். "சாப்பிட வந்த இடத்துலயும் இவருக்கு லிஃப்ட்தாம்மா"ன்னு எழுதியிருக்கா. நீங்க அவளுக்கு இறால் ஓடு உரிச்சு உரிச்சுக் குடுத்தீங்களாம். இந்தக் கார்டைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

இவ்வளவு போதுமா? இன்னும் மறந்தேன்னு சொல்லாதீங்க.

அடாச்சி முட்சுகோ


கோபே
ஏப்ரல் 29

அத்தைக்கு,

கடைகள் சில இடம் மாறிவிட்டன. சில மூடிவிட்டன. அதனால் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்வது நல்லது என்று விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வருகிறேன். இந்த ஊரில் இத்தாலியன் கடைகள் லிஃப்டுகளைவிட அதிகமோ என்று தோன்றுகிறது.

கித்தானோ மேட்டில் ஒன்று. பரிமாறும் பையன் மூன்று எண்ணெய்களைக் கொண்டுவந்து வைத்து ஒவ்வொன்றும் எந்த மலையில் விளைந்த ஆலிவ் என்று சொன்னான். எது எதுவென்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

மொத்தோமாச்சியில் ரயில் பாலத்துக்கு அடியில் இன்னொன்று. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், ஆறே நாற்காலி. ரயில் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். "உப்பு" என்று அவர் சொன்னார், ரயில் போனது, "போட்டாச்சு" என்று அந்த அம்மாள் சொன்னார். நல்ல கடை. ஆனால் ஜன்னல் இல்லை.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய கடையில் வாசலிலேயே கேட்டார்கள்.

"எத்தனை பேருங்க?"

"ஒருத்தர்."

"மன்னிக்கணும், இங்க ரெண்டு பேர்லேர்ந்துதான் சாப்பாடு."

"ரெண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிடறேன்."

"அது வழக்கமில்லைங்க."

வந்துவிட்டேன்.

போன இடங்களையெல்லாம் வேலைக்கு எழுதும் பரிசோதனைத் தாள் மாதிரியே குறித்து வைத்திருக்கிறேன். ஜன்னல், கதவு, சத்தம், ரொட்டி. "சுவை" என்ற கட்டத்தில் மட்டும் எல்லாக் கடைக்கும் "பரிசோதிக்க இயலவில்லை" என்று எழுதியிருக்கிறேன். போன ஜூனிலிருந்து என் நாக்கு சரியாக வேலை செய்யவில்லை. சூடு தெரிகிறது. அவ்வளவுதான்.

ஆனால் நேற்று கண்டுபிடித்துவிட்டேன். சுமா கடற்கரைக்கு எதிரே. ஜன்னலில் தண்டவாளமும் கடலும் தெரிகின்றன. சாப்பாட்டு லிஃப்ட் இருக்கிறது, கத்துகிறது. ரொட்டியில் கல் உப்பு. நாங்கள் போன கடை இதுதான். ஜூன் 8, ஒரு மணிக்கு ஜன்னல் மேசை சொல்லியிருக்கிறேன். பரிமாறுபவர் சிஹோவை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். உங்களைப் பார்க்க ஆவலாக இருப்பதாகச் சொன்னார்.

ரியோஹெய்


சகாய்மினாதோ
மே 9

நகாசே அவர்களுக்கு,

கொட்டகையில என்கூட மீன் பிரிக்கிற ஒருத்தியோட மருமக அந்தப் பக்கம்தான். நீங்க சொன்ன சுமா கடைக்குப் போன வாரம் போயிருக்கா. நான்தான் போகச் சொன்னேன். கேட்டா கேளுங்க, வெக்கமில்ல எனக்கு.

கடை திறந்து எட்டு மாசம்தான் ஆகுதாம். கழிப்பறைக் கதவு பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போகுதாம், தொட்டாலே போதுமாம். இருமுற பெரியவர் யாரும் இல்லியாம். கடை திறக்கிறதுக்கு முன்னாடியே என் பொண்ணு சாம்பலாயிட்டா. அந்தக் கடைக்காரர் எப்படி அவளை நினைவு வெச்சிருக்கார்?

நீங்க அவகூட ஒரு தடவைகூடப் போனதில்ல. அதானே?

அப்போ யாருகூடப் போனா? இல்ல, போகவே இல்லியா? தனியா ரூம்ல உட்கார்ந்துகிட்டு எனக்காகக் கதை எழுதினாளா? நாலு நாளா இதையேதான் யோசிக்கிறேன். மீன்ல சின்னது பெருசு பிரிக்கத் தெரியல, தப்புத் தப்பாப் போடுறேன். மேஸ்திரி திட்டுறான்.

துணியை எடுத்துட்டு வரேன். சாப்பாடு கீப்பாடு ஒண்ணும் வேணாம்.

அடாச்சி முட்சுகோ


கோபே
மே 18

அத்தைக்கு,

ஆமாம். ஒரு தடவைகூடப் போனதில்லை. சுமா கடையைப் பற்றி எழுதியது பொய். எழுதும்போதே தெரியும். அந்தக் கடையில் சமையல் மேலே நடக்கிறது, லிஃப்ட் இறங்கும்போதுதான் கத்துகிறது. சிஹோ எழுதியது ஏறும்போது. பெட்டி போய்விடும் என்ற பயத்தில் எழுதினேன். மன்னியுங்கள் என்று கேட்கக்கூட இப்போது கை வரவில்லை.

திருமணமான புதிதில் வெளியே போவோம். பிறகு என்னை அவசர அழைப்புக் குழுவில் போட்டார்கள். எங்கே உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆனால் அவள் எழுதியது கதை இல்லை. கடை இருக்கிறது. இந்த முறை மெய்யாகவே கண்டுபிடித்தேன். எப்படியென்று சொல்கிறேன்.

கட்டை என்பது லிஃப்ட் கூண்டு கம்பியில் வழுக்கிப்போக வைத்திருக்கும் துண்டு; அது ஏறும்போது மட்டும் கத்துகிறது என்றால் கூண்டு சுமையோடு ஏறுகிறது. அதாவது அடுப்பு கீழே, மேசைகள் மாடியில். சின்ன லிஃப்டுகளையும் நாங்கள்தான் சோதிக்கிறோம். அலுவலகப் பட்டியலில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி, மாடியில் சாப்பாட்டு மேசை உள்ள பழைய கட்டடங்களைத் தேடினேன். ஐந்து வந்தது. நாலாவது ஷியோயாவில். "வெஸ்பெரோ" என்று பெயர்ப்பலகை, எழுத்தில் பாதி உதிர்ந்துபோயிருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் பல் மருத்துவமனை என்று நினைப்பீர்கள்.

மாடியில் ஏழு மேசை. ஒரு பெரியவர் இருமிக்கொண்டே வந்து தண்ணீர் வைத்தார். முதலில் போய்க் கழிப்பறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை. தூக்கித் தள்ளினேன். திறந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

உட்கார்ந்தபோது லிஃப்ட் கத்திக்கொண்டே ஏறியது. பழக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கட்டை தேஞ்சிருக்கு."

பெரியவர் நின்றுவிட்டார். "இதையேதான் இன்னொரு கஸ்டமரம்மாவும் சொல்லுவாங்க. அவங்க வீட்டுக்காரர் சொன்னாராம். எண்ணெய் போடச் சொன்னாராம். போட்டேன், ஒரு வாரம்கூட நிக்கல."

"எண்ணெய் சும்மா தற்காலிகம். கட்டையைத்தான் மாத்தணும். ஆனா இன்னும் ஒரு வருஷம் தாங்கும், ஆபத்தில்ல."

"நீங்க என்ன, லிஃப்ட்காரரா?"

"ஆமா. அந்த வீட்டுக்காரர் நான்தான்."

அவர் முகம் மாறியது. "விளையாடாதீங்க சார். அவர் செத்துட்டார்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? அந்தம்மா மாசாமாசம் தனியா வருவாங்க. ரெண்டு பேர் சாப்பாடு கேப்பாங்க. எதிர் நாற்காலிக்கு முன்னாடி ஒரு தட்டு வெக்கச் சொல்லுவாங்க. இதைப் பார்த்தாத் தெரியாதா எங்களுக்கு? சின்ன வயசு, பாவம்னு நாங்களும் ஒண்ணும் கேட்டுக்கல. என் சம்சாரம் அந்த நாற்காலிப் பக்கம் ஒரு பூ வெச்சு அனுப்புவா. பதினாலு மாசம் சார்! பதினாலு மாசம் உங்களுக்காக வருத்தப்பட்டிருக்கேன் நான்!"

லிஃப்ட் துவாரத்தில் தலையை நீட்டிக் கீழே கத்தினார். "மசாயோ! ஜன்னல் மேசை அம்மாவோட வீட்டுக்காரர் வந்திருக்கார்!"

கீழேயிருந்து குரல் வந்தது. "யாரு, செத்தவரா?"

"செத்தவர்தான்! ரொட்டி தின்னுட்டிருக்கார்!"

பிறகு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அம்மா எப்படி இருக்காங்க? ஒரு வருஷமாக் காணோம். வேற கல்யாணம் ஆயிருக்கும்னு நெனச்சோம். நல்லதுதான்னு சந்தோஷப்பட்டுட்டிருந்தோம்."

நான் சொன்னேன். துவாரம் திறந்தே இருந்ததால் கீழேயும் கேட்டிருக்கும்.

வேறு யாரும் அவளோடு வரவில்லை, அத்தை. எதிர் நாற்காலியில் இருந்தது நான்தான். செத்தவனாக.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைப் போனில் தேடினேன். மாதத்தின் முதல் செவ்வாய், மதியம் பன்னிரண்டரை வாக்கில் அவளிடமிருந்து ஏதாவது ஒன்று வந்திருக்கிறது. "ஒரு லிஃப்ட் ஏறும்போது மட்டும் கத்துது. ஏன்?" நான் ஏதோ ஒரு லிஃப்ட் குழியில் நின்றுகொண்டு பதில் போட்டிருக்கிறேன். "கட்டை தேஞ்சிருக்கும். எண்ணெய் போடச் சொல்." கார்டில் நான் சொன்னதாக அவள் எழுதியதெல்லாம் நான் சொன்னதுதான். இறாலைத் தவிர. இறாலைப் பற்றி எதுவும் இல்லை. நான் அவளுக்கு உரித்துக் கொடுத்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பெரியவர் சொன்னார்: சூப் வந்ததும் எதிரில் வைத்த கிண்ணத்தை அவள் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடுவாளாம். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, தட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பாளாம். பார்த்த பிறகுதான் கரண்டியைத் தொடுவாளாம். நானும் மூடித் திறந்து பார்த்தேன். ஈரமாக இருந்தது. சூடான ஆவி குளிர்ந்த பீங்கானில் பட்டால் நீர்த்துளி நிற்கும். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்றும் தெரியவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததில்லை. இந்த வழக்கத்துக்கு முந்தின மாதம் என் குழுவில் சுகே என்பவர் லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தார். எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தவர். அன்று சாப்பிடும்போது அதைச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான் பேசினோம்.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஜூன் 8 வெஸ்பெரோவில் மேசை சொல்லவா வேண்டாமா என்று எழுதுங்கள். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ரியோஹெய்


சகாய்மினாதோ
மே 23

மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதத்தைக் கொட்டகையில வெச்சுப் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. மேஸ்திரியே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டான்.

அந்தக் கடைக்காரங்க நகரத்து ஜனங்க. எதிர்ல தட்டு வெச்சா செத்தவங்களுக்குன்னு நெனச்சுட்டாங்க. இப்பல்லாம் சாவுச் சாப்பாட்டுல மட்டும்தான் பார்க்கிறாங்க போல. அது செத்தவங்களுக்கு இல்ல, மாப்பிள்ளை. திரும்பி வர வேண்டியவங்களுக்கு.

அவ அப்பா கணவாய்ப் படகுல போனா நாப்பது நாள், அம்பது நாள் ஆகும். தினம் சாயங்காலம் அவர் இடத்துல சோறும் சூப்பும் வெப்பேன். நிழல் தட்டுன்னு சொல்லுவோம். கடல்ல அவர் வயிறு காயக் கூடாதுன்னு. சூப்பு மூடியைத் திறந்து பார்ப்போம். மூடியில முத்து முத்தா தண்ணி நின்னா ஆளு பத்திரம். காஞ்சிருந்தா… அந்த வார்த்தையை நான் முடிச்சுச் சொன்னதே இல்ல. ஏழு வயசுலேர்ந்து மூடியைத் திறக்கிற வேலை சிஹோவோடது. "இருக்கும்மா, தண்ணி இருக்கும்மா"ன்னு கத்துவா. அப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம்.

முதல் கார்டோட தேதியை எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன அந்த சுகே விழுந்த அடுத்த மாசம்.

வீட்டுல ஏன் வெக்கலன்னு கேக்குறீங்க. அது என் தப்பு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். வேலைக்குப் போற ஆளுக்கு நம்ம பயத்தைக் காட்டக் கூடாது, காட்டினா கால் தடுமாறும்னு. படகு கிளம்பும்போது அவ அழுதா கிள்ளுவேன். தொடையில கிள்ளின அடையாளத்தோடதான் கையாட்டுவா. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேட்டான்னு எழுதியிருந்தீங்களே, அங்கதான் எனக்கு உடைஞ்சு போச்சு. அது அப்படியே நான்.

மாசம் ஒரு நாள் உங்களுக்குத் தெரியாத இடத்துல போயி வெச்சுப் பார்த்திருக்கா. லிஃப்ட் சத்தம் கேக்குற இடமாத் தேடிப் போனாளோ என்னவோ.

அவ சந்தோஷமா இருந்தாளான்னு எனக்கு இப்பவும் தெரியல. பயந்துட்டே இருந்திருக்கா. நாங்கூட என் வீட்டுக்காரரோட முப்பது வருஷம் பயந்துட்டேதான் இருந்தேன். அவர் கடைசியில எழுபது வயசுல படுக்கையில கிடந்து, சாராயம் கேட்டு என்னைத் திட்டிக்கிட்டே போனார். சந்தோஷமா இருந்தியான்னு என்னை யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு நேத்துலேர்ந்து யோசிக்கிறேன்.

உங்க மேல கோபம் தீர்ந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க. பதினாலு தடவைல ஒரு தடவை கூடப் போயி உட்கார்ந்திருக்கலாம். மேசை சொல்லுங்க. வரேன். துணியையும் எடுத்துட்டுத்தான் வரேன்.

முட்சுகோ


சகாய்மினாதோ
ஜூன் 19

ரியோஹெய்க்கு,

பஸ்ல நல்லபடியா வந்து சேர்ந்தேன். மறுநாளே எழுதியிருக்கணும். கை போகல.

நாற்காலி ஒரு கால் குட்டையா ஆடுது, அதை அவ எழுதவே இல்ல பாரு. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துட்டு உள்ள போயி இருமிட்டு வந்தாரே, இருமல் இல்ல அது. லிஃப்ட் கத்துச்சு. நீ அதைச் சரிபண்ணாம விட்டது நல்லது.

நீ எனக்கு இறால் உரிச்சுக் குடுத்தே. உரிக்கவே தெரியல உனக்கு, பாதிச் சதை ஓட்டோடயே போச்சு. நானும் சொல்லல. அவ எழுதின பொய்ல ஒண்ணு குறைஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டே தின்னேன். அப்போ நீ தலையைக் குனிஞ்சுகிட்டு ஓட்டை அடுக்கி அடுக்கி வெச்சே. அடுக்கின ஓட்டுமேல சொட்டினதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தேன்.

துணியை மேசைமேலயே வெச்சிருந்தேன், உன் கண்ணு அதைவிட்டு நகரல. தெரியும் எனக்கு. கடைசியில மசாயோ குடுத்த ரொட்டியை அதுல கட்டிக்கிட்டு எழுந்தேன். பெட்டியைப் பத்தி நான் கேக்கல, நீயும் கேக்கல. அது அப்படியே இருக்கட்டும். காலையில "போய்ட்டு வரேன்"னு சத்தமாச் சொல்லு.

இப்போ எதுக்கு அவசரமா எழுதுறேன்னா, இங்க வந்ததுலேர்ந்து சாயங்காலம் ஒரு கிண்ணம் வெக்கிறேன். அவளுக்கு இல்ல. அவளுக்கு அப்பா படத்துக்குப் பக்கத்துல சோறு வெக்கிறேன், அது வேற. இது உனக்கு. தினமும் மூடியில தண்ணி நின்னுது. நேத்து கொட்டகையில வேலை இழுத்துடுச்சு. சூப்பு ஆறிப்போனப்புறம்தான் மூடினேன். திறந்தா மூடி காஞ்சு கிடக்குது.

ஆறினதாலன்னு எனக்குத் தெரியும். நீயும் அதையேதான் சொல்லுவே, ஆவி, பீங்கான்னு. தெரிஞ்சும் இன்னைக்குக் காலையிலேர்ந்து ரெண்டு கூடை மீனைத் தப்பாப் பிரிச்சுட்டேன்.

உடனே ஒரு வரி எழுது. வேணும்னா போன் பண்ணு. அழுதா அழுதுட்டுப் போறோம்.

அம்மா


கோபே
ஜூன் 21

அம்மாவுக்கு,

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. இதை அவசர அஞ்சலில் போடுகிறேன். போட்டுவிட்டுப் போன் செய்வேன். ஆனால் எழுத்திலும் இருக்கட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். 18-ஆம் தேதி ஒன்பது லிஃப்ட் பார்த்தேன். ஒன்பது குழியிலிருந்தும் மேலே ஏறி வந்துவிட்டேன். இன்று ஆறு.

மசாயோ அம்மாள் எனக்கும் ஒரு ரொட்டி கொடுத்திருந்தார். உறைய வைத்திருந்த கடைசித் துண்டை இன்று காலை சுட்டுத் தின்றேன். உப்பு அதிகம்.

சூப்பை ஆறவிடாதீர்கள். சூடாக இருக்கும்போதே மூடுங்கள்.

ரியோஹெய்